லேபிள் பார்க்காமல் போட்டுக்கொண்ட கொலாஜன் ஊசி

பதினைந்து ஆண்டுகளாகக் காசிமேட்டில் எனக்குச் சங்கராவும் வஞ்சிரமும் வெட்டிக் கொடுக்கும் அம்மாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்து, "இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மூஞ்சி இப்படி வத்திப்போச்சே" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதற்கு முன்பே அலுவலகத்தில் மூவரும், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மாவுக் கடைக்காரரும், கல்யாண வீடுகளில் எண்ணற்ற உறவினரும் கேட்டிருந்தார்கள். 2022-இல் எனக்குச் சர்க்கரை நோய் உறுதியானது. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, மாலை நடை என்று எட்டு மாதங்களில் 13 கிலோ குறைந்தேன். இரத்தப் பரிசோதனை முடிவுகள் சீராகி, முழங்கால் வலியும் விட்டுப்போன அதே காலத்தில், கன்னங்கள் உள்ளே போய், வாயின் இரு ஓரங்களிலும் தோல் தொங்கத் தொடங்கியது. உடம்பு தேறத் தேற முகம் நோயாளியின் முகமாகிக்கொண்டே போனது. அப்போது எனக்கு 49 வயது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருந்தது.

நான் இராயபுரத்தில் ஒரு க்ளியரிங் அலுவலகத்தில் 24 ஆண்டுகளாக ஆவணங்களைப் பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்கின் பட்டியல், உரிமம், லேபிள் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. மருத்துவக் கருவிகள் வந்தால் இன்னும் கூர்ந்து பார்ப்போம்: இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள் இவையெல்லாம் பெட்டியின் மேல் இருந்தாக வேண்டும். ஒரேயொரு ஸ்டிக்கர் இல்லாததால் மூன்று நாள் கிடங்கில் கிடந்த சரக்கை நான் பார்த்திருக்கிறேன். இதை இங்கே சொல்லக் காரணம், இப்படிப்பட்ட ஒருத்தி, தன் முகத்துக்குள் போகவிருந்த சரக்கின் லேபிளைக் கேட்காமலே நாற்காலியில் சாய்ந்தாள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதே.

அந்த முதல் இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவு. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வரவேற்பில் புன்னகையோடு இரண்டு பெண்கள். "கொலாஜன் இன்ஜெக்‌ஷன் மேடம், உங்க ஸ்கின்லயே இருக்கறதுதான், நேச்சுரல்" என்றார்கள். கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். ஒரு வயலின், அதாவது ஒரு மருந்துக் குப்பியின், முழு விலை அதிகம் என்பதால், இன்னொரு வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொண்டால் ரூ. 14,000-க்கு முடித்துவிடலாம் என்றார்கள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்த நேரம் அது; பாதி விலை என்ற சொல் காதில் இனித்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண், பக்கத்து அறையிலிருந்து தட்டில் ஏற்கெனவே நிரப்பப்பட்ட சிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து, இரு கன்னங்களிலும் ஏழெட்டு இடங்களில் குத்தி, பதினைந்து நிமிடத்தில் முடித்தார். பெட்டியையோ குப்பியையோ என் கண்ணில் காட்டவில்லை. பில்லில் 'ஸ்கின் சர்வீஸ்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மேடம், நார்மலா இருங்க" என்ற பதிலே கிடைத்தது.

மறுநாள் கண்ணாடியில் கன்னங்கள் மேடிட்டிருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அது கொலாஜனே அன்று. மருந்தோடு உள்ளே போன தண்ணீர். ஐந்தாம் நாள் உடம்பு அதை உறிஞ்சிக்கொண்டது. கன்னம் பழையபடி குழிந்தது. நான் ஏமாந்துவிட்டதாக நினைத்து, அந்தப் பணத்தையும் அந்த இடத்தையும் மறக்கத் தொடங்கினேன். ஏமாற்றம் வேறு வடிவில் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்து, பல்லிடுக்கில் சிக்கிய கீரைத் தண்டை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தபோது, இடது கன்னத்தின் உட்புறத்தில் ஏதோ தடுக்கியது. முதலில் அதுவும் உணவுத் துணுக்கு என்றே நினைத்தேன். வாய் கொப்பளித்தும் போகவில்லை. வெளியிலிருந்து விரலை வைத்து, உள்ளிருந்து நாக்கை வைத்து அழுத்தியபோது, இரண்டுக்கும் நடுவில் துவரம்பருப்பு அளவில் கெட்டியாக ஒன்று நழுவியது. வலி இல்லை, சிவப்பு இல்லை, வெளியே பார்த்தால் தெரியவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் நாக்கு வேறு வேலையே செய்யவில்லை. பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தை நிரப்பும்போதும், மெட்ரோவில் நிற்கும்போதும், இரவில் புரண்டு படுக்கும்போதும் அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். "எல்லாருக்கும் வர்றதுதான் மேடம், தானா போயிடும்" என்றார்கள். எந்த மருந்து, எந்த பேட்ச் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "கம்பெனி ப்ராடக்ட்தான் மேடம்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஊசி போட்ட பெண் அங்கே இப்போது வேலை செய்யவில்லை என்றார்கள். அவர் மருத்துவரா என்று நான் கேட்டதற்கு, வரவேற்பில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டான்லியிலே தோல் பிரிவுல காட்டிட்டு வந்துடு, அங்கே இல்லாத டாக்டரா" என்று என் கணவர் சொன்னார். காலையிலேயே அந்த அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். அங்கிருந்த இளம் மருத்துவர் கையுறை போட்டுக் கன்னத்தை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்தும்மா போட்டாங்க?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. 24 ஆண்டு வேலையில் ஒரு சரக்கைப் பற்றி 'தெரியவில்லை' என்று நான் சொன்னதே கிடையாது. எந்தப் பொருள் என்று தெரியாமல் அதை உடைக்கவோ கரைக்கவோ ஊசி போடுவது சரியன்று, முதலில் ஸ்கேன் எடுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தார். அங்கே என்னிடம் காட்டிய பொறுமைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இது அழகுக்காகப் போய் வாங்கிக்கொண்ட வம்பு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஸ்கேனை எடுத்துக்கொண்டு பெரம்பூரில் ஒரு பெண் தோல் மருத்துவரிடம் போனேன். அவரிடம்தான் இந்த ஊசிகளைப் பற்றி நான் முறையாகக் கற்றுக்கொண்டேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அவர் விளக்கியதும், பிறகு நான் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டதும் ஆகும்.

முதலில் பெயரைத் திருத்த வேண்டும். 'கொலாஜன் ஊசி' என்று கடைகள் சொல்வதில் பெரும்பாலும் கொலாஜன் இருப்பதில்லை. ஒரு காலத்தில் இருந்தது: மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை முகத்தில் செலுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1981-இல் அனுமதி கிடைத்தது, ஒவ்வாமை வரலாம் என்பதால் முன்கூட்டியே கையில் சோதனை ஊசி போட்டுப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளவை வேறு. அவற்றில் முக்கியமானவை இரண்டு: பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற பொருளின் மிக நுண்ணிய துகள்கள் ஒன்று, கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட் என்ற, எலும்பிலும் பல்லிலும் இருப்பதை ஒத்த கனிமத்தின் உருண்டைகள் மற்றொன்று. முதலாவது ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரிலும் இரண்டாவது ரேடியஸ் என்ற பெயரிலும் பலருக்குத் தெரியும். முதலாவது தானாகக் கரையும் தையல் நூல்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இவை செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், உடம்பைச் சீண்டிவிடுவது. தோலுக்கு அடியில் அந்நியத் துகள் ஒன்று வந்துவிட்டது என்று உணர்ந்த உடம்பு, தன் காவல் செல்களை அனுப்பி அதைச் சுற்றி வளைக்கிறது. அதைத் தொடர்ந்து ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் அந்த இடத்தில் புதிய கொலாஜன் இழைகளைப் பின்னத் தொடங்குகின்றன. முதல் வகையில், மாதக்கணக்கில் துகள் மெல்ல லாக்டிக் அமிலமாகச் சிதைந்து, முடிவில் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிட, பின்னிய இழை மிஞ்சுகிறது. ஆகவே 'நேச்சுரல்' என்று சொல்வது பாதி உண்மை; விளைவது நம்முடையது, விதைப்பது நம்முடையதன்று. அந்தச் சீண்டல் கன்னம் முழுதும் சீராகப் பரவினால் தோல் தடிக்கிறது. ஒரே இடத்தில் குவிந்தால் கட்டியாகிறது. எனக்கு நேர்ந்தது இரண்டாவது.

குவிவதற்குக் காரணங்கள் உண்டு. லாக்டிக் அமில வகை, குப்பியின் அடியில் வெள்ளைப் பொடியாக உறைந்து வரும். மருத்துவர்தான் அதில் நீர் சேர்க்க வேண்டும். அது நீரில் கரைவதில்லை, கோலத்துக்குக் கரைத்த அரிசிமாவு போல மிதக்கிறது, அவ்வளவுதான். நீர் குறைந்தால், பொடி சரியாக ஊறாமல் இருந்தால், தோலின் மேலடுக்கிலேயே போட்டுவிட்டால், உதட்டிலோ கண்ணைச் சுற்றியோ போட்டால், கட்டிகள் வர வாய்ப்பு கூடுகிறது. தொடக்க காலத்தில் 3 மில்லி, 5 மில்லி நீர் மட்டுமே சேர்த்தபோது கட்டிகள் மிகுதியாக வந்தன. இப்போது 8 மில்லி நீரும் 1 மில்லி மரப்பு மருந்தும் சேர்த்து நீர்க்கச் செய்கிறார்கள். எனக்குப் பக்கத்து அறையில் எத்தனை மில்லி சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வயலை இருவருக்குப் பங்கு போடுவதில் தொற்று அபாயமும் இருக்கிறது. ஒரு குப்பி ஒரு நோயாளிக்கு மட்டுமே என்பதுதான் விதி. பாதி விலை என்று மகிழ்ந்தவளுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஹையலூரானிக் அமில ஃபில்லர் என்று இன்னொரு வகை உண்டு. அது உடனே இடத்தை நிரப்புவது. அது பிசகினால், ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். கொலாஜனைத் தூண்டும் இந்த இரு வகைகளுக்கும் அப்படிப்பட்ட மாற்று மருந்து கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டை யாராவது அந்த முதல் நாளில் எனக்குச் சொல்லியிருந்தால், நான் எழுந்து வந்திருப்பேன் என்றே நம்புகிறேன்.

என் கட்டியை மருத்துவர் அவசரப்படாமல் கையாண்டார். உப்பு நீரும் மரப்பு மருந்தும் செலுத்தி உடைத்துப் பார்த்தார், கொஞ்சம் சுருங்கியது. பிறகு மிகக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு ஊசியை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டார். அளவு கூடினால் அந்த இடம் பள்ளமாகிவிடும் என்பதாலும், எனக்குச் சர்க்கரை இருப்பதாலும், அவர் ஒவ்வொரு முறையும் குறைத்தே போட்டார். ஆறு மாதத்தில் துவரம்பருப்பு கடுகாயிற்று. அந்தக் கடுகு இன்றும் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் அந்தச் சிகிச்சையை முறையாகச் செய்துகொள்ள விரும்பினேன் என்று சொன்னால், படிப்பவர்களில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். என் அண்ணி அடித்துக்கொண்டார். மருத்துவரும் முதலில் மறுத்தார். என் மனத்தை அவர் புரிந்துகொண்டது, இந்த மருந்தின் வரலாற்றைப் பற்றிப் பேசியபோதுதான். 1990-களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி.க்கு நல்ல கூட்டு மருந்துகள் வந்து நோயாளிகள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் நோயாலும் சில மருந்துகளாலும் கன்னக் கொழுப்பு கரைந்து, முகமே அவர்களின் நோயை அக்கம்பக்கத்துக்குக் காட்டிக்கொடுத்தது. வெளியே வர அஞ்சி வீட்டுக்குள் கிடந்த அவர்களுக்காகத்தான் 2004-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஸ்கல்ப்ட்ராவை முதன்முதலில் அனுமதித்தது. சுருக்கம் போக்கும் அழகுச் சிகிச்சைக்கு அனுமதி வந்தது 2009-இல்தான். அவர்கள் பட்ட பாட்டோடு என் மீன் கடைக் கேள்வியை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் தேறிய உடம்பின் மேல் நோயாளியின் முகம் இருந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு மாசம் நான் சொல்றதைச் செய்யுங்க, பார்க்கலாம்" என்றார்.

அந்த மூன்று மாதம் ஊசியே இல்லை. காலையில் எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், இரவில் பட்டாணி அளவு ட்ரெட்டினாயின் களிம்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 7 சதவீதத்துக்குக் கீழ். வெயில் தோலுக்குள் இருக்கும் கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ஒருபுறம் ஓட்டையை வைத்துக்கொண்டு மறுபுறம் ஊற்றுவதில் பயனில்லை என்பது அவர் வாதம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் தோலில் கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம் வரை குறைகிறது என்றும் அவர் சொன்னார். என் கன்னம் குழிந்ததற்கு 13 கிலோ மட்டுமே காரணம் அன்று என்பது அப்போதுதான் புரிந்தது. கொலாஜன் க்ரீம், கொலாஜன் ஃபேஷியல் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டேன். அந்த மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது, ஈரப்பசை தரும், அதற்கு மேல் இல்லை என்று ஒரே வரியில் முடித்தார்.

ஊசிக்கு முன் அவர் பார்த்த இடங்கள் எனக்கு வியப்பாக இருந்தன. என் காது குத்திய துளையை, மூக்குத்தி இருந்த இடத்தை, தோளில் சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பை, சிசேரியன் தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நம்மவர்களுக்குக் காது குத்திய இடத்தில்கூடத் தழும்பு தடித்து வளர்வது உண்டு. கீலாய்டு எனப்படும் அந்த இயல்பு உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். சாப்பிடுபவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது ஆகியவற்றை ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார். அப்போது வாயிலிருந்து கிளம்பும் கிருமிகள் இரத்தத்தின் வழியாகப் புதிய துகள்களில் போய்த் தங்கக்கூடும்.

நானும் இந்த முறை என் வேலையைச் செய்தேன். மருந்துச் சீட்டில் அச்சாகியிருந்த அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டு, தோல் மருத்துவத்தில் மேற்படிப்புப் பதிவு இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பெற்ற பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருந்ததா என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் தானே ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றார் அவர். இவற்றைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இவர் கோபிக்கவில்லை, அந்த முதல் இடத்தில் நான் எதையும் கேட்கவேயில்லை.

சிகிச்சை நாளில் மூடி உடையாத பெட்டியை என் கையிலேயே கொடுத்தார். சன்னலோரம் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்: தயாரிப்பிடம், இறக்குமதியாளர் முகவரி, எம்.டி-15 படிவத்தில் தரப்படும் இறக்குமதி உரிமத்தின் எண், பேட்ச், காலாவதி. உள்ளே இருந்த குப்பியின் பேட்ச் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒத்திருந்தன. செவிலியர் பொறுமை இழந்ததை என்னால் உணர முடிந்தது. குப்பியின் அடியில் கற்பூரத் துண்டு போல வெள்ளையாக ஒட்டியிருந்த பொடியின் மேல் நீர் இறங்கியதும், அது மேலே எழும்பி நுரைத்து, மோர் போலாயிற்று. வெள்ளைப் பென்சிலால் என் முகத்தில் கோடுகள் போட்டார். இடது கன்னத்தில் அந்தக் கடுகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இந்தப் பக்கம் போகவே மாட்டேன்" என்றார். கூர்முனை ஊசிக்குப் பதில் மழுங்கிய முனையுள்ள கேனுலா என்ற நீண்ட குழாயைக் காதுக்கு முன்னால் ஒரே துளை வழியாக நுழைத்தார். வலி அதிகமில்லை. ஆனால் அது தோலுக்கடியில் நகரும்போது ஒரு நறநறப்பு காதுக்குள்ளேயே கேட்டது. பச்சைப் பாக்கைக் கடிப்பது போன்ற அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாற்காலியில் சாயும் முன் நான் கேட்ட கடைசிக் கேள்வி, இரத்தக் குழாய்க்குள் மருந்து போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்பது. அரிதாக நேர்வதுதான், ஆனால் நேர்ந்தால் தோல் அழுகலாம். புருவ நடுவிலும் மூக்கிலும் போடும்போது பார்வையே போன நிகழ்வுகளும் உண்டு. ஊசி போட்ட இடம் திடீரென வெளிறினால், வலைப்பின்னல் போல ஊதா நிறம் பரவினால், மிகுந்த வலி வந்தால், கண் மங்கினால் அந்த நொடியே நிறுத்துவேன் என்றும், இன்ன இன்ன மருந்துகள் இதோ இந்த இழுப்பறையில் உள்ளன என்றும், பார்வைக் கோளாறென்றால் எந்தக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவேன் என்றும் தடுமாறாமல் சொன்னார். இரவில் அழைக்கத் தன் கைபேசி எண்ணையும் தந்தார். அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பியிருந்தால் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

அடுத்த ஐந்து நாள், நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கன்னத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் இடத்தில் 'நார்மலா இருங்க' என்று சொன்னார்களே, அதற்கு நேர்மாறானது இது. வீட்டில் மூன்று முறை முடித்தேன். மீதி இரண்டை அலுவலகத்தில் டீ போடும் இடத்தில் நின்று செய்தேன். கதவைத் திறந்த பையன் ஒருவன், "மேடம், பல்லு வலியா? கிராம்பு வாங்கியாரவா?" என்று கேட்டு, மறுநாள் உண்மையாகவே ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்து மேசையில் வைத்தான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், பிரியாணிக்கு உதவியது.

ஆறு வாரம் கழித்து இரண்டாம் முறை. மொத்தம் இரண்டு வயல், ஒவ்வொன்றும் ரூ. 38,000. பில்லில் பொருளின் பெயரும் பேட்ச் எண்ணும் இருந்தன. அழகுச் சிகிச்சை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக. காப்பீடு இதற்கெல்லாம் தராது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை என்பதை நான் மறைக்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டி முடித்த ஆண்டு என்பதால்தான் துணிந்தேன், கடன் வாங்கியிருந்தால் செய்திருக்க மாட்டேன். மாதத் தவணையில் முகத்தைத் திருத்தித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

விளைவு எப்போது தெரிந்தது என்று கேட்டால், தெரியவில்லை என்பதே நேர்மையான பதில். தண்ணீர் வற்றிப் பழைய குழி திரும்பிய முதல் வாரத்தில், காரணம் தெரிந்திருந்தும் மனம் சோர்ந்தது. இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை. நான்காம் மாதம் மருத்துவர் அதே சன்னல், அதே வெளிச்சம், அதே கோணத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான், கன்னத்து நிழல் மேலேறியிருப்பதைப் பார்த்தேன். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு இது தெரியாது. தொங்கிய தோல் முழுதும் இழுபடவில்லை, கண்ணுக்குக் கீழுள்ள கருமை அப்படியே இருக்கிறது, பத்து வயது குறையவும் இல்லை. என் கணவர், "நல்லாத் தூங்கி எழுந்தாப்புல இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. இரண்டு ஆண்டு அளவுக்கு நிற்கும் என்கிறார்கள். அதன் பிறகு மீண்டும் செய்துகொள்ள வேண்டுமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டு பீரோவில், சர்க்கரைப் பரிசோதனைத் தாள்களோடு ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கிறேன். இரண்டு வயல்களின் ஸ்டிக்கர்கள், எந்த இடத்தில் எத்தனை மில்லி போட்டார்கள் என்று மருத்துவர் வரைந்த முகப் படம், புகைப்படங்கள், பில். பல் மருத்துவரிடமோ ஸ்கேன் எடுக்கவோ போனால் இதைச் சொல்லிவிட வேண்டும். குறிப்பாகக் கால்சியம் வகை போட்டுக்கொண்டவர்களுக்கு எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் அது வெள்ளையாகத் தெரியும், தெரியாத மருத்துவர் வேறு நோய் என்று பதறக்கூடும். அந்த முதல் ஊசிக்கு உரிய பக்கம் மட்டும் கோப்பில் வெறுமையாக இருக்கிறது. தேதியும் ரூ. 14,000 என்ற தொகையும் எழுதியிருக்கிறேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

சென்ற வாரம் திருவொற்றியூரிலிருந்து என் சித்தி மகள் அழைத்தாள். அவள் வீட்டருகே புதிதாகத் திறந்த ஓர் இடத்தில் கொலாஜன் ஊசிக்குச் சலுகை போட்டிருக்கிறார்களாம், நாளையோடு முடிகிறதாம், "அக்கா, நீதான் போட்டுக்கிட்டியே, நல்லாத்தானே இருக்கு, நானும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஊசி போடுபவரின் பதிவு எண்ணையும் கேட்டு அனுப்பு, பிறகு சொல்கிறேன் என்றேன். சரி என்றாள். படம் இன்னும் வரவில்லை.